மேடைக்கு ஏறாத பிள்ளை

பாத்திரம் கழுவும் மெஷினுக்கு நன்றி சொல்லுகிற மனிதன், ஹனோவர் முழுக்கத் தேடினாலும் என்னைத் தவிர வேறு ஆள் கிடைக்காது. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் சமையலறை நிலத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே அந்த மெஷின் தட்டுகளைக் கழுவி ஆவியோடு வெளியே தள்ளும் ஒவ்வொரு முறையும் நான் இடுப்பை வளைத்து "டாங்க ஷோன், ஐயா" என்பேன். பத்தொன்பது வருடமாக ஒரே பகிடி. கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

போன வருடம் புதிதாக வந்த ஹெயிட்டி நாட்டுப் பெண் முதல் நாளே சிரிக்கவில்லை. ஐம்பது வயது இருக்கலாம். குள்ளம், அகலமான தோள், எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண். என்னைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு வந்த தலையாட்டிகள் எங்கள் பெடியங்களை ராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். பேசாமல் பார்க்கிற ஆளைக் கண்டால் நான் தானாகவே ஒரு அடி பின்னுக்கு நிற்பேன்.

எங்கள் இரண்டு பேருடைய ஜெர்மனும் ஒரே அளவுக்கு நொண்டி. அவர் சொன்னதையெல்லாம் நான் என் தமிழில்தான் எழுதுகிறேன். அவர் என்னை "நீர்" போட்டுக் கதைப்பதும் என் ஏற்பாடுதான்.

என் மகள் பெரியபிள்ளை ஆனதற்குச் செய்த சாமத்தியச் சடங்குக்குச் சமையலறை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். வந்தது அவர் ஒருவர்தான். மஞ்சள் சட்டை போட்டு, ஒரு பெட்டி கிளாசுகளைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் மேடைப் படிக்குப் பக்கத்து மேசையில் இருத்தினேன். கொத்துரொட்டியை ரசித்துச் சாப்பிட்டார். சரி, மனுசி ஆள் பிழையில்லை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்:

"அந்தப் பிள்ளை ஆர்?"

"எந்தப் பிள்ளை? அங்க நூறு பிள்ளையள் ஓடித் திரிஞ்சதுகள்."

"ஓடித் திரியாத பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை என்று சொன்னேன். விளங்கியது.

எங்கள் கொண்டாட்டங்களில் குடும்பம் குடும்பமாக மேடைக்கு ஏறிப் படம் எடுப்பார்கள். சடங்குக்கு உரிய பிள்ளை நடுவில் சிம்மாசனத்தில் இருக்க, மற்றவர்கள் இரண்டு பக்கமும் நிரை கட்டி நிற்பார்கள். கமராக்காரன் ஒரு குடும்பத்தையும் விடமாட்டான். என் மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், தன் புருசனோடும் மூன்று வயது இரட்டைப் பிள்ளைகளோடும் ஏறினார். அதுவரைக்கும் இரட்டையரில் ஒன்றை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் வைத்திருந்தது ஒரு பதின்மூன்று வயதுப் பெட்டை. படியடியில் இரண்டையும் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, மச்சாளின் கைப்பையையும் சகலனின் கோட்டையும் வாங்கிக்கொண்டு கீழேயே நின்றாள்.

"எல்லாரும் ஏறிச்சினம்," என்றார் ஹெயிட்டிக்காரி. "கமராக்காரன்ர தாய் கூட ஏறினா. அந்தப் பிள்ளை ஏறேல்லை. ஏறச் சொல்லி ஒருத்தரும் சொல்லவுமில்லை."

"வெக்கமாயிருக்கும்."

"நீரும் ஏறினீர். ஏற முதல் உம்மட ஜாக்கெட்டைக் கழட்டி அவளின்ர கையில குடுத்தீர். முகத்தைப் பார்க்கேல்லை. ஆணியில கொழுவின மாதிரி." கத்தியால் மெஷினைக் காட்டினார். "இதுக்கு நன்றி சொல்லுறீர். அவளுக்குச் சொல்லேல்லை."

நான் ஒரு பகிடி தேடினேன். உருளைக்கிழங்குத் தோல்தான் அகப்பட்டது.

அந்தப் பிள்ளை சகலனுக்குத் தூரத்து உறவு. வன்னியில் தகப்பன் இல்லாத வீடு, தாய்க்கு நாலு பிள்ளைகள். "ஜெர்மனிக்கு வந்தால் படிக்கலாம்" என்று சொல்லி, சகலன் ஊருக்குப் போய்த் திரும்பும்போது விசிட்டர் விசாவில் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று மாத விசா. வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பதியவில்லை, பதிந்தால் விசாக் கதை வெளியே வரும். மச்சாள் வேலைக்குப் போக, அவள் இரட்டையரைப் பார்த்தாள், சமைத்தாள், கூட்டினாள். இதெல்லாம் எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். குடும்பத்தில் ஒரு விசயம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்காமலும் இருப்போம். அந்தக் கலையில் எங்களுக்கு நிகர் நாங்கள்தான்.

இன்னொன்றும் இருந்தது. விசாவுக்கு ஒரு பொறுப்புப் பத்திரம் வேண்டும்: இந்த ஆளுக்கு நான் பொறுப்பு, காலத்துக்குத் திருப்பி அனுப்புவேன் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். சகலனின் சம்பளப் பத்திரம் அதற்குப் போதவில்லை. மச்சாள் என்னைத்தான் கேட்டார். நான் பெரிய மனுசன் மாதிரிப் போய், அலுவலர் தந்த பேனையையே "நல்லா எழுதுது" என்று பாராட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஆகவே ஹெயிட்டிக்காரி கேட்ட கேள்வி என் தலைக்குள் எப்படி விழுந்தது என்றால், "அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்?" என்று விழவில்லை. "எனக்கு என்ன நடக்கும்?" என்று விழுந்தது.

அடுத்த சில நாட்கள் நான் மனுசனாக இல்லை. வாசல் மணி அடித்தால் பொலிஸ். தபாலில் மண்ணிறக் கவர் வந்தால் நீதிமன்றம். ஒரு காலையில் யன்னலால் பார்க்கிறேன், தலையிலிருந்து கால் வரைக்கும் கறுப்புடுப்புப் போட்ட ஒருவன், பித்தளைப் பொத்தான்களோடு, எங்கள் கட்டிடத்துக்குள் நுழைகிறான். நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு, சத்தம் கேட்கட்டும் என்று தண்ணீரையும் திறந்துவிட்டேன். மனைவி கதவில் தட்டினாள்.

"இஞ்சேருங்கோ, புகைக்கூடு பாக்கிற ஆள் வந்திருக்கு. கீழ கடதாசி ஒட்டியிருந்ததெல்லோ? ஹீற்றர் குளியலறைக்குள்ளதானே இருக்கு, வெளியில வாங்கோ."

ஜெர்மன்காரருக்கு அவனைக் கண்டால் அதிர்ஷ்டமாம். தொட்டுப் பார்ப்பார்களாம். அவன் என்னைத் தொட்டுப் பார்க்காத குறை. உடுப்போடு தொப்பமாக நனைந்திருந்தேன், அவசரத்தில் ஷவரைத் திறந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிய ஹெயிட்டிக்காரி வழக்கமான ட்ராமில் ஏறவில்லை. நகரத்துக்குப் போகிற ட்ராமில் ஏறினார். நானும் பின்பெட்டியில் ஏறினேன். அவர் இறங்கினார், நான் இறங்கினேன். அவர் நடந்தார், நான் மரத்துக்கு மரம் நின்று நடந்தேன். நேரே மாநகராட்சி அலுவலகக் கட்டிடத்துக்குள் போனார். வாசலில் இருந்த பலகையில் யூகன்ட்அம்ட், சிறுவர் நலன் பார்க்கிற பகுதி, மூன்றாம் மாடி என்று போட்டிருந்தது. தலையாட்டி உள்ளே போய்விட்டாள். இனி எல்லாம் முடிந்தது.

எதிர் பேக்கரியில் ஒரு பிறெட்சல் வாங்கிக்கொண்டு விளம்பரத் தட்டிக்குப் பின்னால் குந்தினேன். முக்கால் மணித்தியாலம். அவர் வெளியே வந்து, வீதியைக் கடந்து, நேரே தட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"சமையலறைச் சப்பாத்தை மாத்த மறந்திட்டீர்," என்றார். குனிந்து பார்த்தேன். வெள்ளை ரப்பர்ச் சப்பாத்து, பக்கத்தில் உருளைக்கிழங்குத் தோல் ஒட்டியபடி.

"காட்டிக் குடுத்திட்டீரோ?" என்று கேட்டேன். அவ்வளவு கேவலமாகத்தான் கேட்டேன்.

அவர் பக்கத்தில் இருந்து என் பிறெட்சலில் பாதியைப் பிய்த்து எடுத்தார். இரண்டாம் மாடிக்குத்தான் போனாராம். ஜெர்மன் குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பத்தில் பிறந்த பதிவு இல்லை என்று திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்களாம்.

"எனக்கு எப்ப பிறந்ததெண்டு தெரியாது. வேலைக்கு நிண்ட வீட்டு மனுசி ஒரு நாள் தேவைப்பட்டு எழுதிச்சு, ஜனவரி முதலாம் தேதி எண்டு. அது எங்கட நாடு விடுதலையான நாள்." அன்றைக்குத்தான் முதல் முதலாக அவர் சிரித்ததைக் கண்டேன். "அண்டைக்கும் நான்தான் தண்ணி அள்ளினனான்."

பிறகு சொன்னார். அவர்களுடைய நாட்டுப்புறத்தில் வழியில்லாத வீட்டுப் பிள்ளையை நகரத்தில் யாரிடமாவது கொண்டுபோய் விடுவார்களாம். படிப்பிப்பார்கள் என்று சொல்லித்தான் விடுவார்களாம்.

"எனக்கு ஆறு வயசோ ஏழோ. அந்த வீட்டுப் பெட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், படலையில புத்தகப்பையைக் குடுத்திட்டுத் திரும்பி வாறது என்ர வேலை. அந்தப் படலை இப்பவும் எனக்கு நல்ல ஞாபகம், பச்சை நிறம், கீழ்ப்பக்கம் இரும்பு கறள் பிடிச்சது. உள்ளுக்க என்ன இருந்ததெண்டு தெரியாது."

கையில் மிச்சமிருந்த பிறெட்சலையும் அவரிடம் நீட்டினேன்.

"எங்கட சனம் தாங்களே எழும்பி, ஆண்டையளை அடிச்சுக் கலைச்சு, அடிமைத்தனத்தை முடிச்ச சனம். அதைச் சொல்லிப் பெருமைப்படுவம். பெருமையைச் சொல்லிக்கொண்டே, தண்ணி கொண்டு வா எண்டு வேலைக்கு விட்ட பிள்ளையைக் கூப்பிடுவம்."

எனக்கு எங்கள் வீட்டு நினைவு வந்தது, நான் கூப்பிடாமலே வந்தது. என் ஒன்பது வயதில் மலையகத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அடிமை முறை முடிந்தது என்று அறிவித்த பிறகும் துரைமாருக்குத் தோட்டத்தில் கைகள் தேவைப்பட்டதால் இந்தியாவிலிருந்து கப்பலில் ஏற்றி வந்த சனத்தின் பேத்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. "பிள்ளை மாதிரி வளக்கிறம்" என்று அம்மா வந்தவர்களுக்கெல்லாம் சொல்லுவார். நான் அவளுடைய தமிழைப் பழித்துக் காட்டி முழு வீட்டையும் சிரிக்கவைப்பேன். என் பகிடித் தொழில் அங்கேதான் ஆரம்பித்தது. ஹெயிட்டிக்காரியிடம் இதைச் சொன்னேனா? இல்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு துணிவு இல்லை.

"நான் காட்டிக் குடுக்கேல்லை," என்றார் அவர். "என்னை அந்த வீட்டிலயிருந்து ஒருத்தி வந்து பிடிச்சுக் கொண்டுபோனவள், நல்லதுக்குத்தான். நான் அவளைக் கடிச்சன். முன்பின் தெரியாதவள்தானே. அந்தப் பிள்ளைக்கு உம்மட முகமாவது தெரியும். நீர் போய்க் கேளும். திங்கட்கிழமை பின்னேரம் வரைக்கும் பாப்பன். பிறகு நான் மூண்டாம் மாடிக்குப் போவன்."

சனிக்கிழமை மத்தியானம் மச்சாள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் மறந்துபோனது.

"மச்சாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு..."

"வாற வருசம் பாப்பம் எண்டு சொன்னனானெல்லோ. ஏன், ஆரும் ஏதும் கேட்டவையோ?" மச்சாளின் கண் சுருங்கியது. சந்தேகப்படுவதில் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன் மட்டுமல்ல.

"சும்மா கேட்டனான்."

"நீங்கள் சும்மா கேக்கிற ஆள் இல்லை. சும்மா பகிடிதான் விடுவியள். இஞ்ச அவளுக்கு என்ன குறை? வேலையோ? பிள்ளையளோட விளையாடுறாள். ஊரில இருந்தாத் தாயோட தோட்டக் கூலிக்குப் போயிருப்பாள். என்ர பிள்ளையள் மாதிரித்தான் வச்சிருக்கிறன்."

அம்மாவின் வாய்தான் கதைக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் சின்னத் தழும்பு ஒன்று. ஏழு மாதத்தில் எத்தனை தேத்தண்ணி வாங்கிக் குடித்திருப்பேன், அதைக் கண்டதில்லை.

"இஞ்ச உனக்குப் பிடிச்சிருக்கோ, பிள்ளை?"

"ஓம் அங்கிள். நல்ல விருப்பம். அன்ரி நல்லாப் பாக்கிறா." மூச்சு விடாமல் வந்தது. பாடமாக்கியது.

இரட்டையரை விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போகும் நேரம் அது. நானும் வருகிறேன் என்றேன். மச்சாளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மறிக்க ஒரு சாட்டும் அகப்படவில்லை.

திடலில் பிள்ளைகள் மணலில் இறங்கியதும் நான் மர வாங்கில் இருந்தேன். அவள் நின்றாள். இரு என்றேன். இரண்டு முழம் தள்ளி, வாங்கின் நுனியில் இருந்தாள். அவளுடைய ஜெர்மனைச் சோதிக்கலாம் என்று சில சொற்கள் கேட்டேன். வாத்து, உழவு மெஷின், ஸ்ட்ராபெரி, நிலவு எல்லாம் சொன்னாள். "எழுதும் கொப்பி", "பள்ளிக்கூடம்" தெரியவில்லை. இரட்டையரின் படப்புத்தகத்தில்தான் படித்திருக்கிறாள்.

"அன்ரி இப்ப இஞ்ச இல்லை. உண்மையாச் சொல்லு, உனக்கு என்ன விருப்பம்?"

அவள் என்னை அளந்து பார்த்தாள். சோதனைச் சாவடியில் நாங்கள் நின்று பார்த்த பார்வை.

"நான் சொல்லுறதை அன்ரிக்குச் சொல்லுவியளோ?"

"மாட்டன்."

"ஏன் அங்கிள், உங்கட ஜாக்கெட்டில ஏதும் காணாமல் போட்டுதோ? நான் பொக்கற்றுக்குள்ள கை வைக்கேல்லை. சத்தியமா."

இவ்வளவு நேரமும் நான் களவைக் கேட்கத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு எப்போதும் கைவசம் ஒரு பகிடி இருக்கும். அன்றைக்கு அந்தக் கை வெறுங்கை. இல்லை, இல்லை என்று சொன்னேன். பிறகு வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்: உன் விசாவுக்குக் கையெழுத்து வைத்தது நான்தான்.

"அப்ப நீங்களோ என்னைக் கூப்பிட்டது?"

"பேப்பரில... ஓம்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை?"

இரட்டையரில் ஒன்று மணலைத் தின்ன ஆரம்பித்தது, அவள் ஓடிப்போய் வாயைத் துடைத்தாள். திரும்பி வந்து, நின்றபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பள்ளிக்கூடம் எண்டுதான் அம்மா அனுப்பினவ. ஒவ்வொரு கிழமையும் ஃபோனில கேக்கிறா, என்ன படிக்கிறாய் எண்டு. நான் பொய் சொல்லுறன். இப்ப எந்தப் பொய் சொன்னது எண்டே மறந்துபோகுது."

திங்கட்கிழமை காலை சுகமில்லை என்று வேலைக்கு அறிவித்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். அறிவித்தது முழுப் பொய்யும் இல்லை. படியில் இரண்டு தரம் திரும்பி இறங்கினேன். மூன்றாம் தரம் ஏறினது துணிவாலா, ஹெயிட்டிக்காரி எனக்கு முந்திக்கொள்வார் என்ற பயத்தாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முந்திச் சொன்னவனுக்குத் தண்டனை குறையும் என்ற ஒரு கள்ளக் கணக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. என்னை நானே நம்பாத நாட்கள் அவை.

அங்கே இருந்த பெண்ணின் முன்னால் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி வைத்தேன், விலங்கு போட வசதியாக. அவர் கைகளைப் பார்த்து, குளிர்கிறதா, ஹீற்றரைக் கூட்டவா என்று கேட்டார். பிறகு பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்டார். எத்தனை மணிக்கு எழும்புகிறாள், எங்கே படுக்கிறாள், யாரோடு விளையாடுகிறாள். முக்கால்வாசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தவன் "தெரியாது, தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருப்பதை அவர் பொறுமையாக எழுதினார்.

அன்று பின்னேரமே அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் மச்சாள் வீட்டுக்குப் போனார்கள். பிள்ளை யாரையும் கடிக்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, இரட்டையருக்குச் சாப்பாடு எங்கே மூடி வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்களோடு இறங்கினாளாம்.

மச்சாள் என்னோடு கதைப்பதில்லை. மனைவி இரண்டு மாதம் என்னோடு ஜெர்மனில் மட்டும் கதைத்தாள், அது கதைக்காமல் விடுவதைவிடக் கொடுமை. வன்னியிலிருந்து தாய் ஃபோன் எடுத்து, "என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில மண் போட்டிட்டியே" என்று திட்டினார். மறுமுறை எடுத்து அழுதார். பிள்ளைக்கு நீதிமன்றம் ஒரு பாதுகாவலரை நியமித்திருக்கிறது. இங்கே இருப்பதா திரும்புவதா என்று முடிவாகவில்லை. என் பத்திரத்தைப் பற்றியும் மண்ணிறக் கவர் ஒன்று வந்துதான் விட்டது. அந்த விசாரணை இன்னும் நடக்கிறது. ஹெயிட்டிக்காரி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடம்?" என்று மட்டும் கேட்டார். போகிறாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கரட் வெட்டப் போனார்.

அவளை வைத்திருக்கிற சிறுவர் இல்லத்துக்கு ஒரு நாள் போனேன். முன்னறிவிப்பு இல்லை, கையில் ஒரு பெட்டி மிக்சர். பொறுப்பான பெண் அவளைக் கூட்டிவந்துவிட்டு எழும்பப் பார்த்தார், நாங்கள் தனியாகக் கதைக்கட்டும் என்று. பிள்ளை அவருடைய கையைப் பிடித்தாள்.

"அவ இருக்கட்டும், அங்கிள்."

இருக்கட்டும் என்றேன். இருக்கத்தான் வேண்டும். என்னை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் நான் கொடுத்ததில்லை. கணக்குப் பாடம் சுகம், ஜெர்மன் கஷ்டம், நீச்சலுக்குக் கூட்டிப்போகிறார்கள், தண்ணீர் பயம் என்றாள். நான் நீச்சல் தடாகத்தில் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பி ஜெர்மனில் வேகமாக ஏதோ சொன்னாள், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன சொன்னனி?"

"சொல்ல மாட்டன்."

எழும்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். மிக்சர் பெட்டி அவள் கையில் இருந்தது.

"அடுத்த முறை சும்மா வராதேங்கோ அங்கிள். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. முதல் நேரம் கேட்டு, டெர்மின் எடுத்துக்கொண்டு வாங்கோ."

கேட்டேன். மூன்று கிழமைக்குப் பிறகுதான் அவளுக்கு நேரம் இருந்தது.